தொட்டியில் கடித்தது

தண்ணீர்ப் பூச்சியைக் கொல்வதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரே போதும். ஒரு வாளியில் இரண்டு கரண்டி சோப்பைக் கரைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துத் தொட்டியின் நான்கு ஓரத்திலும் மெதுவாக ஊற்ற வேண்டும். அதுவரை தண்ணீரின் மேல்மட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியவை பிடி நழுவிக் கீழே போகும். மூச்சுக்காக மேலே வரும், மறுபடி நழுவும், மறுபடி வரும். ஐந்தாறு தடவை அப்படி நடக்கும். பிறகு வராது. முதல் நாள் நான் தொட்டி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

துணி காயப்போட வந்த என் மனைவி, "என்ன, படம் ஓடுதாக்கும்? இடைவேளைக்கு முறுக்கு கொண்டாரவா?" என்றாள்.

தேவாரம் என்கிற ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் திராட்சைத் தோட்டம். வீடும் அங்கேயே. தொட்டி சொட்டுநீருக்காகக் கட்டியது. முப்பதடி நீளம், இருபதடி அகலம், நெஞ்சளவு ஆழம். கிணற்றுத் தண்ணீரை அதில் ஏற்றி, உரத்தைக் கரைத்து, குழாய் வழியாகக் கொடிகளுக்கு அனுப்புவோம். விடுமுறைக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகள் அதை ஸ்விம்மிங் பூல் என்றுதான் சொல்லும். அதில் குதித்து, பாசியைத் தலையில் அப்பிக்கொண்டு ஏறும். எனக்கு அது வெறும் தொட்டி. அப்பாவுக்குக் கால் போன பிறகுதான் அது வேறொன்றாக மாறியது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் தப்பித்தது. அந்த வாய் தப்பியதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் கை திரும்பியது. கால் வரவில்லை. மரக்கட்டை மாதிரி இழுபட்டது. கிள்ளினாலும் தெரியவில்லை. உத்தமபாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண்தான் தொட்டியைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் நடக்க வையுங்கள், உடம்புக் கனம் தெரியாது, தினமும் இருபது நடை என்று சொன்னாள். நாங்கள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டோம். அப்பா அவளிடம் மட்டும் மரியாதையாகப் பேசினார்.

அவள் கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே வைத்து என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள். "அண்ணே, அந்தக் கால்ல எதாச்சும் தெரியுதுன்னு தாத்தா சொன்னாகன்னா, அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுங்க. எறும்பு கடிச்சது தெரிஞ்சாக்கூடச் சொல்லுங்க. உணர்ச்சி எட்டிப் பாக்குற நேரத்துல விடாம வேலை வாங்கணும். அப்ப விட்டுட்டோம்னா திரும்ப வரும்னு சொல்ல முடியாது." பழம் ஏற்ற வந்த லாரி ரிவர்ஸ் எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் கண் லாரியின் மேல் இருந்தது. கேட்டேன். தலையை ஆட்டினேன். வீட்டுக்குள் போய் யாரிடமும் சொல்லவில்லை.

பந்தலுக்கு வாங்கிய இரும்புக் குழாயை வெட்டித் தொட்டிக்குள் கைப்பிடி வைத்தேன். படி கட்டினேன். காலையில் வெயில் ஏறியதும் அப்பாவைத் தூக்கி இறக்குவேன். அவர் கைப்பிடியைப் பிடித்து நடப்பார், நான் மேலே நின்று எண்ணுவேன். ஒன்று, இரண்டு என்று அவரை எண்ணி நடக்க வைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஊரில் கோபக்காரர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். அந்தப் பெயரை எடுப்பதற்கு அவருக்கு அதிகம் உதவியது என் முதுகு.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். கிணற்றுக்குள் மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு பாசி அடைத்து நின்றுவிட்டது. பெரிய ஆள் இறங்கினால் நேரம் ஆகும் என்று இடுப்பில் கயிற்றைக் கட்டி என்னை இறக்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பெருவிரலில் ஏதோ கடித்தது. தேள் கொட்டினாற்போல இருந்தது. அலறினேன். மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது: "நடிக்காதலே! வேலைய முடிச்சிட்டு ஏறு." முடித்துவிட்டுத்தான் ஏறினேன். விரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். "செத்தா போயிட்ட?" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போனார். அந்த வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. அந்தச் சொல் வடியவில்லை.

தொட்டியில் நடக்க ஆரம்பித்து மூன்றாவது வாரம் அது நடந்தது. பன்னிரண்டாவது நடையில் அப்பா நின்றுவிட்டார்.

"ஏலே, கடிக்குதுலே."

"என்ன கடிக்குது?"

"கால்ல. பூச்சி என்னமோ. சுருக்குங்குது."

"நடிக்காதீகப்பா. இன்னும் எட்டு நடை இருக்கு. நடங்க."

சொல் தயாராக இருந்தது. யோசிக்கக்கூட இல்லை, நாக்கு நுனியில் முப்பத்தைந்து வருடமாக உட்கார்ந்திருந்தது போல வந்துவிட்டது. அப்பா தண்ணீருக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கிணறு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் மீதி எட்டு நடையும் நடந்தார்.

மறுநாளும் கடிக்குது என்றார். மறுநாளும் அதே சொல்லைச் சொன்னேன். மூன்றாம் நாள் படியிலேயே கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றார். நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்து இறக்கிவிட்டேன். அவர் விரலில் இன்னும் பலம் இருந்தது, அதனால் கொஞ்சம் நேரம் பிடித்தது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு என்னையும் என் பிறப்பையும் சேர்த்துத் திட்டினார். என் பிறப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொன்னேன். அன்றைக்கும் இருபது நடை.

அன்று மத்தியானம் மனைவி வந்து, "மாமா கால்ல செவந்து கெடக்கு. சுண்ணாம்பு வச்சு விட்டுருக்கேன். தொட்டில என்னமோ இருக்குங்க, போய்ப் பாருங்க" என்றாள். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

இருந்தன. இவ்வளவு நாள் நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிரத் தண்ணீரைப் பார்க்கவில்லை. இரண்டு வகை இருந்தது. ஒன்று பாசியைத் தின்பது, துடுப்புப் போட்டாற்போலக் காலை அடித்துக்கொண்டு அடியில் திரியும், யாரையும் ஒன்றும் செய்யாது. இன்னொன்று மல்லாந்தபடியே நீந்துவது. அது முதல் வகையைப் பிடித்து உறிஞ்சித் தின்கிறது. மனிதன் குறுக்கே போனால் அவனையும் குத்துகிறது. குளவி கொட்டியது மாதிரி வலிக்கும் என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். அவருக்கு அனுபவம் இருந்தது.

ஆக அப்பா நடிக்கவில்லை. நேரே போய் "நீங்க சொன்னது சரிதான்பா" என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல். அதற்கு என் வாய் வளையவில்லை. அதற்குப் பதிலாகப் பூச்சிகளைக் கொல்லத் தொடங்கினேன். கடிக்க ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டால் அப்பாவுக்குச் சாக்குச் சொல்லவும் ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

சோப்பில் செத்தது செத்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே அளவு இருந்தது. சொட்டுநீர்க் குழாயை வட்டமாக வளைத்துக் கொசுவலையைத் தைத்து அரித்தேன். அரித்ததைச் சிமெண்ட் தரையில் வெயிலில் கொட்டி, அவை துள்ளுவதை நின்று பார்த்தேன். சிலது துள்ளி, ஈரம் காய்ந்ததும் இறக்கையை விரித்துப் பறந்தே போய்விட்டது. பறக்கும் என்பதே அப்போதுதான் தெரியும். துணி துவைக்கும் தொட்டியில், குளியலறை வாளியில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரத்தில் எல்லாம் வந்து விழுந்தன. ஒருநாள் மோர்ச் சட்டியில் ஒன்று மல்லாந்து நீந்தியது. "அதுக்கும் ஒரு கைப்பிடி கட்டி விடுங்க, நடக்கட்டும்" என்று சொல்லி மனைவி மோரைக் கொட்டினாள்.

பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தேன். உரக்கடைக்குப் போனேன். எங்களுக்கு மருந்து என்றால் திராட்சைக்கு அடிக்கிற மருந்துதான். மனிதன் சாப்பிடுகிற மருந்தில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது, இதில் உண்டு. கடைக்காரர் எத்தனை ஏக்கருக்கு என்று கேட்டார். தொட்டிக்கு என்றேன்.

"தொட்டில எறங்குறது யாரு?"

"அப்பா."

அவர் சிரித்துவிட்டார். "அப்பப் பழம் அறுக்குற கணக்குதேன். மருந்தடிச்சுப் பதினஞ்சு நாள் கழிச்சு அப்பாவ எறக்குங்க."

அவர் கேலியாகச் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மருந்தடித்தால் நாள் எண்ணிக் காத்திருந்து பழம் அறுப்பதே எனக்குப் பிழைப்பு. என் அப்பாவையும் ஒரு குலையாக வைத்து எண்ணினேன்.

காலையில் ஊற்றினேன். உச்சிவெயிலுக்குள் தொட்டி முடிந்துவிட்டது. பூச்சிகள் மேலே ஒரு படலமாகக் கிடந்தன. தவளைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒரு தண்ணீர்ப் பாம்பு கைப்பிடியைச் சுற்றியபடியே செத்திருந்தது. தண்ணீர் குடிக்க வந்த இரண்டு மைனாக்கள் ஓரத்தில் கிடந்தன. எல்லாவற்றையும் வலையால் அள்ளி, பழம் வைக்கிற பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டுக் குழி வெட்டிப் புதைத்தேன். ஒன்றரைக் கிரேட் இருந்தது. அப்பா பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவள என்னலே செஞ்சுச்சு?" என்றார்.

"உங்களுக்காகத்தான எல்லாம்" என்றேன். அது பொய் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, தொட்டியைச் சுத்தம் செய்கிறோம், பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். அதுவரை வீட்டிலாவது காலை நீட்டி மடக்கிவிடுங்கள் என்றாள். சரி என்றேன். தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் மடக்கிவிட்டேன். மீதி நாளெல்லாம் அப்பா அந்த நாற்காலியில் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடிக்குது என்று ஒருதரமும் சொல்லவில்லை, கடிக்க என்ன இருக்கிறது.

பத்தாம் நாள் தொட்டியை எட்டிப் பார்த்தேன். மல்லாந்தபடி நான்கைந்து பூச்சிகள் நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த வாளியைத் தொட்டிக்குள் வீசினேன். அது மிதந்தது. அதை எடுக்க வலையை நீட்டியபோதுதான் உரமூட்டை கண்ணில் பட்டது. வாராவாரம் இந்தத் தண்ணீரில் உரம் கரைப்பவன் நான். கொடிக்குப் போகிற உரத்தில் பாதியைப் பாசி தின்கிறது, பாசியை முதல் பூச்சி தின்கிறது, அதை இரண்டாவது தின்கிறது. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றிக்குப் பயந்து தொட்டிக்கு மேலேயே ஒரு ஃபோகஸ் லைட் மாட்டி, இருட்டியதும் ஊர்ப்பட்ட பூச்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவற்றுக்குச் சோறு போட்டதும் விளக்கு வைத்ததும் நான்தான்.

அதன்பிறகு ஒழுங்காக வேலை பார்த்தேன். தொட்டியை முழுதும் இறைத்தேன். சுவரையும் தரையையும் தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்தேன், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், கழுவினேன், மறுபடி தேய்த்தேன். உரம் கரைப்பதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பேரலுக்கு மாற்றினேன். லைட்டைத் தோட்டத்தின் அந்தக் கடைசிக்குக் கொண்டுபோனேன். ஓரத்துப் புல்லை வெட்டினேன். வீட்டைச் சுற்றியிருந்த வாளி, சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். துவைக்கும் தொட்டியைக் காயவிட்டேன். புதுத் தண்ணீர் நிரப்பி, நிழல்வலை விரித்து மூடி, தினமும் கொஞ்ச நேரம் மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரை அசைத்தேன். ஒரு பூச்சி வரவில்லை. கொத்தனார் கரண்டி போட்ட தடம் தரையில் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு மாதத்துக்குப் பக்கமாக ஆகிவிட்டது; டாக்டரம்மாவிடமும் நாள் தள்ளிச் சொல்லியிருந்தேன்.

அப்பாவை இறக்கினேன். அவர் அடம்பிடிக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து நடந்தார். வலது கால் போய் வைத்தது, இடது கால் பின்னாலேயே வந்தது. தெளிந்த தண்ணீரில் அது இழுபடுவது நன்றாகத் தெரிந்தது.

"கடிக்குதா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"இல்ல" என்றார். இன்னும் இரண்டு நடை போய்விட்டு, "ஒண்ணுமே தெரியல" என்றார்.

அந்த வாரம் டாக்டரம்மா வந்தாள். அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு ஊக்கால் உள்ளங்காலிலிருந்து குத்திக் குத்தி மேலே போனாள். "தெரியுதா தாத்தா?" இல்ல. "இங்கன?" இல்ல. முழங்கால் வரைக்கும் அதே பதில். அவள் என்னைப் பார்த்து, "முன்னாடி எப்பவாச்சும் எதாச்சும் தெரிஞ்சுச்சுன்னு சொன்னாகளா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "பூச்சி கடிக்குதுன்னாகள்ல" என்றாள். "மூணு நாளு சொன்னாக. நாந்தான சுண்ணாம்பு வச்சேன், இந்தா, இந்தப் பெருவெரல்லதான்." அவள் தொட்டுக் காட்டியது இடது கால்.

டாக்டரம்மா ஊக்கை மூடிப் பைக்குள் போட்டாள். "அண்ணே, கேட்டுல வச்சு நான் சொன்னேன்ல?"



"என்னம்மா சொன்ன?" என்று அப்பா அவளிடம் கேட்டார். அவள் சொன்னாள். எறும்பு கடித்தாலும் சொல்லச் சொன்னதை, அந்த நேரத்தில் விடாமல் நடக்க வைத்திருக்க வேண்டும் என்பதை, இனிமேல் வரலாம், வராமலும் போகலாம் என்பதை எல்லாம் பதமாகத்தான் சொன்னாள். அப்பா தன் இடது காலை, யாரோ கொண்டுவந்து வைத்த பொருளைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சொன்னேன்லே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நான் ஒரு சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு பூச்சி தேடக் கிளம்பினேன். தொட்டியில் இல்லை. துவைக்கும் இடம் காய்ந்து கிடந்தது. வாளிகள் எல்லாம் நான் கவிழ்த்தபடியே இருந்தன. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலில் முழங்கால் சேற்றில் இறங்கித் துழாவி, பத்து மணிக்குத்தான் ஒன்று கிடைத்தது. மல்லாந்து நீந்துகிற வகை. டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வரும் வழியில் அது என் கையில் குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல பூச்சிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்பா நாற்காலியில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்து அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்தேன். கனமாக இருந்தது, குளிர்ந்திருந்தது. டம்ளரைச் சாய்த்து, பெருவிரலை உள்ளே விட்டுப் பிடித்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தோம். அடுப்படியில் மிக்சி ஓடி நின்றது.

"ஆ" என்றார் அப்பா. "கடிக்குதுலே."

குனிந்து டம்ளருக்குள் பார்த்தேன். கொஞ்சம்போல இருந்த தண்ணீரில் பூச்சி அந்தக் கடைசியில், டம்ளரின் அடிப்பக்கத்தை ஒட்டி, மல்லாந்து கிடந்தது. விரல் பக்கமே வரவில்லை. நிமிர்ந்தேன். அப்பா காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுருக்குங்குது. நல்லாத் தெரியுதுலே" என்றார்.

நடிக்காதீக என்ற அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் அது குத்திய இடத்தைச் சொறிந்துகொண்டு, அவர் காலை மடியிலிருந்து இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.